பருப்பு வேகாத தண்ணீரும் கியோட்டோவின் டோஃபுவும்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது "தண்ணி எப்படி?" என்றுதான். வீட்டுக்காரர் சொல்லும் பதிலும் அநேகமாக ஒன்றுதான். "போர் தண்ணி குளிக்க, துவைக்க ஆகும். சமைக்கக் கேன் போட்டுக்குங்க. இதுல பருப்பு வேகாது." துவரம்பருப்பை எத்தனை விசில் விட்டாலும் அது குழையாமல் தனித்தனியாக நிற்கும். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்புப் பொருக்கு கட்டும். சோப்பு நுரைக்காது. சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் வளர்ந்த எவருக்கும் இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்த வேதியியல்.

இந்த ஊர் வழியே தெற்கு வடக்காக ஜி.எஸ்.டி. சாலையும் செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையும் போகின்றன. இங்கிருந்து பிரியும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. ரெனோ–நிசான் ஆலை 2010-இல் ஒரகடத்தில் கார் தயாரிக்கத் தொடங்கியது. கோமாட்சு அங்கே இருக்கிறது, யமஹா வல்லம் வடகாலில் இருக்கிறது. இவற்றோடு உதிரிபாகம் செய்யும் ஜப்பானிய நிறுவனங்களும் வந்தன, அவற்றோடு ஜப்பானியப் பொறியாளர்களும் வந்தார்கள். அவர்களுக்காகவே ஜப்பானிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த விடுதிகளையும் அவர்கள் ஊர்ச் சாப்பாட்டையும் இந்தப் பக்கம் பார்க்கலாம். அந்தச் சாப்பாட்டில் தவறாமல் இருப்பது டோஃபு. குளிர்ந்த வெள்ளைக் கட்டி ஒன்று, அதன் மேல் துருவிய இஞ்சி, கொஞ்சம் வெங்காயத்தாள், சில சொட்டு சோயா சாஸ்.

உடன் வேலை செய்யும் நம் ஆட்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "உப்பு இல்ல, உறைப்பு இல்ல, இதுல என்ன இருக்கு?" என்று கேட்பது இயல்புதான். ருசி என்றால் புளியும் மிளகாயும் தாளிப்பும் என்று பழகிய நாக்கு அது. ஆனால் அந்தக் கட்டியில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு தண்ணீர். அதைச் செய்யும் வித்தை முழுவதும் தண்ணீரைச் சுற்றியே நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பருப்பு வேகாத நம் போர் தண்ணீரைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் இரண்டின் அளவு. லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மென்னீர் என்பார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. இந்தக் கால்சியம் பருப்பை என்ன செய்கிறது? பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெந்நீரில் அது கரைந்தால்தான் செல்கள் பிரிந்து பருப்பு குழையும். கால்சியம் அயனி ஒவ்வொன்றும் இரண்டு நேர்மின்சுமை கொண்டது. அது இரண்டு பெக்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு கொதித்தாலும் பிடி விடாது. பாட்டிமார் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவது இந்தப் பிடியைத் தளர்த்தத்தான். காரத்தன்மை கூடினால் கால்சியத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்து விலகும், பெக்டினும் எளிதில் உடையும்.

இப்போது துவரம்பருப்பின் இடத்தில் சோயாவை வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டுச் சமையலறையில் சோயா என்றால் மீல் மேக்கர்தான். எண்ணெயைப் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் மாவை அழுத்திச் செய்த உருண்டை அது. டோஃபுவுக்கு முழுப் பயறு வேண்டும். காய்ந்த சோயாவில் ஏறக்குறைய 36 முதல் 40 விழுக்காடு புரதம், 20 விழுக்காட்டை ஒட்டி எண்ணெய். ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் நிறையத் தண்ணீர் விட்டு அரைத்து, கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டினால் சோயாப் பால். கொதி முக்கியம். அரைத்த உடனே பயறில் இருக்கும் லைப்பாக்சிஜனேஸ் என்ற நொதி எண்ணெயோடு சேர்ந்து பச்சை வாடையை உண்டாக்கும், சூடுதான் அதை நிறுத்தும். செரிமானத்தைக் கெடுக்கும் டிரிப்சின் தடுப்பானையும் சூடுதான் முடக்கும். சப்போனின்கள் இருப்பதால் பால் திமுதிமுவென்று நுரைத்துப் பொங்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

பாலில் இருக்கும் புரதங்களில் பெரும்பங்கு இரண்டு வகை: கிளைசினின், பீட்டா-காங்கிளைசினின். பயறுக்குள் இவை நூல்கண்டு போல இறுகச் சுருண்டிருக்கும். கொதிக்கும்போது அந்தக் கண்டு அவிழும். உள்ளே மறைந்திருந்த, தண்ணீரை விலக்கும் பகுதிகள் வெளியே தெரியும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தயாராகவே இருக்கின்றன. ஆனால் எல்லாப் புரதத்தின் மேலும் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. கொதித்த சோயாப் பால் திரியாமல் பாலாகவே இருப்பதற்குக் காரணம் இந்தத் தள்ளல்.

நம் போர் தண்ணீரில் அரைத்தால் கால்சியமும் மெக்னீசியமும் ஆரம்பத்திலேயே குறுக்கே வந்துவிடும். புரதத்தில் ஒரு பகுதி பாலுக்குள் இறங்காமல் சக்கையோடே தங்கும். இறங்கியதிலும் கொஞ்சம் கொதிக்கும்போதே தாறுமாறாகத் திரளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் சோயாப் பாலை உறையவைக்க 3, 4 கிராம் மெக்னீசியம் குளோரைடு போதும். 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில், அதற்கு வேண்டிய அயனிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறது. பருப்பைக் கெடுப்பதும் டோஃபுவை உறையவைப்பதும் ஒரே அயனிகள்தான். அவை எப்போது வருகின்றன, எவ்வளவு வருகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மென்னீர் உள்ள ஊரில் அந்த இரண்டையும் டோஃபு செய்கிறவர் தீர்மானிக்கிறார். கடினநீர் உள்ள ஊரில் பாதியைக் கிணறு தீர்மானித்துவிடுகிறது.

பால் உறையும் தருணத்தை ஒருமுறையாவது கிட்ட நின்று பார்க்க வேண்டும். பால் 75 டிகிரி வாக்கில் ஆறியிருக்கும், மேலே ஆவி பறக்கும், மெல்லிய ஏடு படரத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடு கரைசலை அகப்பையின் முதுகு வழியாக வழியவிட்டு, ஒரு சுற்று கிளறி, கையை எடுத்துவிட வேண்டும். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு அகப்பைத் தடத்தில் பால் கனக்கும். மணல்மணலாகத் துகள்கள் தோன்றி, அவை மேகம் கூடுவதுபோல் சேரும். நடுவே தெளிந்த மஞ்சள் நீர் பிரியும். இரட்டை நேர்மின்சுமை கொண்ட மெக்னீசியம் புரதங்களுக்கு இடையே இருந்த தள்ளலை அணைத்துவிட்டது. அவை கைகோத்து வலையாகின்றன. எண்ணெய்த் துளிகள் அந்த வலையின் கண்களில் மாட்டுகின்றன, தண்ணீரும் மாட்டுகிறது. இந்தத் திரளைத் துணி விரித்த பெட்டியில் கொட்டி எடை வைத்தால் கெட்டி டோஃபு. இன்னும் அடர்த்தியான பாலை எடுத்து, கலைக்காமல், பிழியாமல், அச்சிலேயே உறையவிட்டால் பட்டு டோஃபு.

பனீரும் இப்படித்தானே என்று தோன்றும். எலுமிச்சைச் சாறு விட்டால் பால் திரிவது அமிலத்தின் வேலை. இங்கே முதல் வேலை உப்பினுடையது. அது எந்த உப்பு என்பது நம் வீட்டிலேயே தெரியும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும் அல்லவா? சோடியம் குளோரைடு அப்படிக் கசியாது. அதோடு ஒட்டிவந்த மெக்னீசியம் குளோரைடுதான் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைகிறது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் உப்பைத் தாண்டி ஒரு கசப்பு தெரியும். ஜப்பானில் பழைய காலத்தில் ஈர உப்பு மூட்டைகளைத் தொட்டியின் மேல் வைத்து, சொட்டும் நீரைப் பிடித்துத்தான் டோஃபுவை உறையவைத்தார்கள். நிகரி என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

மரக்காணம் உப்பளங்களில் இது பாத்தி பாத்தியாக நிற்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் அளவில் மெக்னீசியம் இருக்கிறது. வெயிலில் நீர் வற்றி, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 டிகிரி காட்டும்போது சோற்றுப்பு படியத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டினால் மீதியிருப்பது மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீர். அதை வடித்துவிடாவிட்டால் உப்பு கசக்கும், மூட்டையில் நீர்விடும். அதனால் உப்பளத் தொழிலாளிக்கு அது வெளியேற்ற வேண்டிய கழிவு. ஜப்பானின் கியோட்டோ நகரில் அதே நீர் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய ஒரு தொழிலின் உயிர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான் அரசு நிகரியை விமானங்களுக்கான மெக்னீசிய உலோகம் எடுக்கத் திருப்பிக்கொண்டது. டோஃபு செய்கிறவர்கள் ஜிப்சத்துக்கு மாறினார்கள். ஜிப்சம் தண்ணீரில் மெதுவாகவே கரையும், அதனால் உறைவதும் நிதானமாக நடக்கும், தண்ணீர் அதிகம் தங்கும், கைத்திறனும் குறைவாகப் போதும். இன்று சூப்பர் மார்க்கெட்டில் பெட்டியோடு உறைந்துவரும் டோஃபுவுக்குப் பெரும்பாலும் குளுக்கோனோ டெல்டா லாக்டோன். சூட்டில் மெல்ல அமிலமாக மாறும் பொருள் அது. மூன்றும் நல்லவையே. ஆனாலும் நிகரியில் உறைந்த கட்டியில்தான் சோயாவின் இனிப்பு முழுதாகத் தெரிகிறது என்பார்கள் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். உறைந்த அன்றே சாப்பிட்டால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. நாள் ஆக ஆக வலை இறுகி நீர் கசியும், இனிப்பும் போய்விடும். டோஃபு நம்மைத் தேடி வருவதைவிட நாம் அதைத் தேடிப் போவதே முறை.

கியோட்டோவில் நான்சென்-ஜி கோவிலைச் சுற்றி அப்படித் தேடிப் போகும் உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. 1291-இல் நிறுவப்பட்ட ஜென் மடம் அது. ஒகுதான் என்ற உணவகம் 1635-இல் தொடங்கியது. ஜுன்ஸெய் உணவகம் இருக்கும் இடம், டச்சு மருத்துவம் கற்ற ஷிங்கு ரியோடெய் என்ற மருத்துவர் 1839-இல் கட்டிய மருத்துவப் பள்ளி. பாய் விரித்த தரை, தாழ்ந்த மேசை, முழுச் சுவரும் திறந்து வெளியே தோட்டம்.

மேசைக்கு வரும் முக்கியமான பதார்த்தம் யுடோஃபு. மண்சட்டியில் வெந்நீர், அடியில் கோம்பு என்னும் கடற்பாசி ஒரு துண்டு, மேலே வெள்ளைக் கட்டிகள். அவ்வளவுதான். நீர் கொதிக்கக் கூடாது, கட்டி லேசாக ஆடினால் போதும். காரணம் மேலே சொன்ன வேதியியலில் இருக்கிறது: டோஃபுவுக்குள் இன்னும் பிணையாத மெக்னீசியம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சூடு ஏறினால் அது வேலையைத் தொடரும், வலை இறுகும், நீர் வெளியேறி உள்ளே ஓட்டை ஓட்டையாகிவிடும். கட்டி ஆட ஆரம்பித்ததும் ஓட்டைக் கரண்டியால் எடுத்து, சாஸில் தொட்டு, சூட்டோடு சாப்பிட வேண்டும். குளிர்காலத்தில் அந்த மலைசூழ்ந்த பள்ளத்தில் தரையிலிருந்தே குளிர் ஏறும், அந்த நேரத்து உணவு இது. கூடவே பாலின் ஏட்டை அப்படியே தூக்கியெடுத்த யுபா வரும். மிசோ தடவிச் சுட்ட குச்சி டோஃபு வரும். எள் டோஃபுவும் வரும். அதில் சோயாவே கிடையாது, எள் விழுதும் கிழங்கு மாவும்தான். சைவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தொட்டுக்கொள்ளும் சாஸில் அநேகமாகச் சூரைமீன் சீவல் ஊறியிருக்கும்.

சட்டியின் அடியில் கிடக்கும் கடற்பாசிக்கும் ஒரு கதை உண்டு. கியோட்டோவில் பிறந்த வேதியியலாளர் இகேடா கிகுனாய், கோம்பு ஊறிய நீரின் ருசி எதனால் வருகிறது என்று தேடி, 1908-இல் அதிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். உமாமி என்று அவர் பெயரிட்ட ருசி அது. கோம்பு அந்த ருசியைத் தண்ணீருக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டுமென்றாலும் மென்னீர்தான் வேண்டும். கடற்பாசியின் செல் சுவரில் ஆல்ஜினேட் என்ற பொருள் உண்டு, கால்சியம் பட்டால் அதுவும் இறுகிவிடும். பருப்பில் பெக்டின், சோயாவில் புரதம், கோம்பில் ஆல்ஜினேட் என்று மூன்று வெவ்வேறு பொருள்களிலும் அந்த ஒரே அயனி ஒரே மாதிரி நடந்துகொள்கிறது. நம் போர் தண்ணீரில் யுடோஃபு வைத்தால், சட்டியில் இருக்கும் எதுவும் தன் ருசியை வெளியே விடாது.

கியோட்டோவின் தண்ணீர் ஏன் மென்மையானது? பதில் உணவகத்துக்கு வெளியே, தோட்டத்தில் கொட்டிக் கிடக்கிறது. நகரின் கிழக்கே ஹியேய் மலைக்கும் தைமோன்ஜி மலைக்கும் நடுவே இருப்பது வெளிர்நிறப் பாறை, அதாவது கிரானைட். அது நொறுங்கி ஷிரகவா ஆற்றில் வெள்ளை மணலாக வந்தது. கியோட்டோவின் உலர் தோட்டங்களில் அலையலையாகச் சீவி வைத்திருக்கும் மணல் அதுதான், நான்சென்-ஜியின் தோட்டத்திலும் அதே வெண்மை. இன்று அந்த ஆற்றில் மணல் எடுக்கத் தடை இருக்கிறது. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கொண்ட அந்தப் பாறை தண்ணீருக்குக் கால்சியத்தைச் சிக்கனமாகத்தான் கொடுக்கும். மழையும் பனியும் நிறைய, மலை செங்குத்து, நீர் பாறையோடு அதிக காலம் தங்குவதில்லை. தோட்டத்தைப் பார்த்தபடி டோஃபு சாப்பிடுகிறவருடைய கண்ணும் நாக்கும் ஒரே பாறையின் இரண்டு விளைவுகளை அனுபவிக்கின்றன.

நம் பக்கம் பாறை வேறு. சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் குன்றைக் குடைந்த குடவரையில் இருக்கிறார், வலம் வர வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். இந்தக் குன்று நிற்கும் பட்டையில் பரவியிருப்பது சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்திலிருந்து போன கல் அது. டி.எச். ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-இல் அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே பாறைக்கு வைத்தார். பல்லாவரமும் பரங்கிமலையும் இந்தப் பாறைக்கு உலகப் பாடப்புத்தகங்களில் முகவரிகள். அதில் மெக்னீசியமும் இரும்பும் கொண்ட பைராக்சின் கனிமம் உண்டு, கால்சியம் கொண்ட ஃபெல்ஸ்பாரும் உண்டு. பாறைப் பிளவுகளில் வருடக்கணக்கில் தேங்கும் நீர் இவற்றைக் கரைக்கிறது, மேலே நம் வெயில் நீரை ஆவியாக்கி உப்பை விட்டுவைக்கிறது. ஹீட்டர் கம்பியில் கட்டும் பொருக்கில் இரண்டின் பங்கும் இருக்கிறது.

காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தான் ஜென் மரபின் மூலவர் என்ற கதையை வைத்து இந்த உணவோடு நாம் உறவு கொண்டாடுவது உண்டு. எனக்கு அதில் நாட்டம் இல்லை. டோஃபு சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போனது. அங்கே அதைப் பற்றிய முதல் குறிப்பு நாராவின் கசுகா ஆலயத்துப் பூசகர் ஒருவரின் 1183-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் கிடைக்கிறது. 1782-இல் ஒசாகாவில் நூறு டோஃபு பதார்த்தங்களுக்கு ஒரு புத்தகமே வெளிவந்தது. அதற்கென்று வளமான வரலாறு இருக்கும்போது நம் பங்கு என்று ஒன்றைச் செருக வேண்டியதில்லை. கல்லும் தண்ணீரும் காட்டும் ஒப்பீடே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நான்சென்-ஜி தோட்டங்களில் ஓடும் நீரைப் பற்றி நம் ஒரகடம் தொழிற்பேட்டைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1869-இல் தலைநகரம் டோக்கியோவுக்குப் போனதும் கியோட்டோ நலிந்தது. தொழிலை மீட்க, பிவா ஏரியிலிருந்து மலையைக் குடைந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதையே பட்ட ஆய்வாக எழுதி 1883-இல் கல்லூரியை விட்டு வந்த தனபே சகுரோ என்ற இளைஞர்தான் பொறியாளர். 1885-இல் தொடங்கி 1890-இல் முடித்தார்கள். மறு ஆண்டே அதில் மின்சாரம் எடுத்தார்கள், 1895-இல் அந்த மின்சாரத்தில் டிராம் ஓடியது. கால்வாயின் செங்கல் வளைவுப் பாலம் நான்சென்-ஜி வளாகத்துக்குள்ளேயே போகிறது. ஆலைக்காகக் கொண்டுவந்த அந்த நீரில் ஒரு பங்கைத் திருப்பி ஒகவா ஜிஹேய் என்ற தோட்டக் கலைஞர் முரின்-ஆன் தோட்டத்தையும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் அமைத்தார். தொழிலுக்கான நீரும் அழகுக்கான நீரும் ஒரே வாய்க்காலில் வந்தன.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். கொளவாய் ஏரி ரயிலிலிருந்தே தெரியும், ஒரகடம் சாலையிலும் ஆலை மதிலுக்குப் பக்கத்தில் ஏரிகள் கிடக்கின்றன. ஏரியில் நீர் நின்றால் பக்கத்துக் கிணறு இனிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். மழைநீர் இறங்கி நிலத்தடி நீரின் கடினத்தன்மையை நீர்க்கச் செய்கிறது. பருப்பு வேகாத வீடுகள் பெருகும் இந்தப் பட்டையில் ஏரியைத் தூர்ப்பது, சமையலறைக்குள் கையை விட்டு அடுப்பை அணைப்பதற்குச் சமம். ஏரிக்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட ஒரு நல்ல உணவகம் இந்தச் சாலையில் வந்தால் முதல் ஆளாகப் போவேன்.

அதுவரை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும், அதில் கடினத்தன்மை பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். உப்பளத்துக் கசப்பு நீரை நேரே எடுத்துவராதீர்கள், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. உணவுத் தரமுள்ள மெக்னீசியம் குளோரைடு கடையில் கிடைக்கிறது. கால் கிலோ சோயாவை எட்டு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் அரைத்துக் காய்ச்சினால் குடும்பத்துக்குப் போதுமான பால் வரும். உறைந்த அன்றே இஞ்சி துருவிச் சாப்பிடுங்கள், தாளிக்காமல். துணியில் மிஞ்சும் சக்கையில் நார்ச்சத்தும் புரதமும் நிறைய இருக்கிறது. அதை அடை மாவில் கலந்து, கொஞ்சம் சீரகமும் பெருங்காயமும் தட்டிப் போட்டு வார்த்தால், நம் வீட்டில் அது முதலில் தீர்ந்துபோகும்.